தன் குரலைத் தானே அளத்தல்
(பாடகர்களின் குரல் இடர்ப்பாடும் வினாப்பட்டியல் முறையும்)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

'தலைவலியும் பல்வலியும் தனக்கு வந்தால் தெரியும்' என்பது நம் ஊர்ப் பழமொழி. பிறர் துன்பத்தை உணராதவரைக் குத்திக் காட்டவே இதனைச் சொல்வது வழக்கம். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கினால், இப்பழமொழிக்குள் அளவியல் சார்ந்த ஓர் உண்மையும் அடங்கியிருப்பது புலனாகும். காய்ச்சலை வெப்பமானி அளந்துவிடும். எலும்பு முறிவை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். ஆனால் வலியை அளக்க வேண்டுமானால், வலிக்கிறவரைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாடகர்களின் குரல் இடர்ப்பாடும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததே. 'மேல் ஸ்தாயி போகும்போது ஏதோ தடுக்கிறது', 'ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை', 'குரல் இன்று வருமா என்று பயமாக இருக்கிறது' என்று பாடகர் சொல்வார். கேட்பவர் காதுக்கோ குரல் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். இந்த உள்ளுணர்வைச் சில வினாக்களின் மூலம் எண்ணாக மாற்றி, மருத்துவத்துக்குப் பயன்படுத்தும் முறை ஒன்று கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வளர்ந்திருக்கிறது. அம்முறை எவ்வாறு பிறந்தது, அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, நம் மண்ணுக்கு அது பொருந்துமா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குரல் பிறக்கும் இடம்

கழுத்தின் முன்புறத்தைக் கையால் தொட்டால் தட்டுப்படும் குருத்தெலும்புப் பேழையே குரல்வளை. அதனுள் முன்னிருந்து பின்னாக இரண்டு மடிப்புகள் நீண்டிருக்கின்றன. இவற்றையே குரல் நாண்கள் என்கிறோம். நாண் என்ற பெயரைக் கொண்டு வீணைத் தந்தியைப் போன்ற கம்பி என்று எண்ணிவிடலாகாது. அடியில் தசையும், அதன்மேல் கூழ் போன்ற மென்மையான படலமும் அமைந்த அடுக்கு அது. தசை உடலாகவும் படலம் போர்வையாகவும் வேறுவேறு விதமாக அசைகின்றன என்பதை ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974-இல் விளக்கினார். நுரையீரலிலிருந்து எழும் காற்று இம்மடிப்புகளை விலக்க, அவை மீண்டும் வந்து சேர, மீண்டும் விலக, இவ்வாறு ஒரு வினாடிக்குப் பலநூறு முறை நிகழ்வதே குரல்.

இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் பாடகரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ வினாடிக்கு 196 அதிர்வுகள். மேல் ஸ்தாயி சட்ஜம் அதன் இரு மடங்கு, அதாவது 392. ஆதார சட்ஜத்திலேயே ஒரு மணி நேரம் நிற்பதாக வைத்துக்கொண்டாலும் 196 × 3600 = 7,05,600 முறை இரு மடிப்புகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூச்சு வாங்கும் நேரம், வயலினுக்கு விடும் நேரம் என்று பாதியைக் கழித்தாலும் மூன்றரை லட்சம் மோதல்கள்! கைதட்டுவதாயிருந்தால் உள்ளங்கை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மிகை உழைப்பால் அப்படலம் வீங்குவதும், முன் மூன்றில் ஒரு பங்கும் பின்பகுதியும் சந்திக்கும் இடத்தில் காய்ப்புப் போன்ற முடிச்சுகள் தோன்றுவதும், சில வேளை நுண்ணிய இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கசிவதும் உண்டு. புகழ்பெற்ற ஆங்கிலப் பாடகி அடேல் 2011-இல் இத்தகைய இரத்தக் கசிவினால் தம் அமெரிக்க இசைப் பயணத்தை இடையில் நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது.

கண்ணாடியும் விளக்கும்

குரல் நாண்கள் இயங்குவதைக் கண்ணால் கண்டு முறையாக ஆராய்ந்து எழுதியவர் மருத்துவர் அல்லர். ஒரு பாட்டு வாத்தியார் என்பது சுவையான செய்தி. மானுவல் கார்சியா என்ற அப்பெரியார் 1854-இல், பல் மருத்துவர் பயன்படுத்தும் நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பி, தம் குரல்வளையைத் தாமே பார்த்தார். அடுத்த ஆண்டே இலண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டது. 1805-இல் பிறந்து 1906-இல் மறைந்த அவர், நூறு வயதைக் கடந்து வாழ்ந்தவர். பாடகர் ஒருவர் தம் குரலைத் தாமே ஆராய்வது என்ற கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறு இல்லை எனலாம்.

இன்று அக்கண்ணாடியின் இடத்தில் ஸ்ட்ரோபோஸ்கோப் வந்துவிட்டது. வினாடிக்கு 200 முறை அதிரும் நாண்களின்மீது 199 முறை மின்னும் விளக்கைப் பாய்ச்சினால், வினாடிக்கு ஒரே ஒரு முறை மெல்லத் திறந்து மூடுவது போன்ற தோற்றம் கிடைக்கும். சுழலும் விசிறி சில விளக்குகளின் ஒளியில் நின்றது போலத் தெரிவதற்கும் காரணம் இதுவே. குரலைக் காதால் கேட்டு மதிப்பிடவும் முறைகள் உண்டு. ஹிரானோ 1981-இல் எழுதிய நூல் வழியாகப் பரவிய 'ஜி.ஆர்.பி.ஏ.எஸ்.' முறையில், தேர்ச்சி பெற்ற ஒருவர் குரலைக் கேட்டு, மொத்தக் கேடு, கரகரப்பு, காற்றொழுக்கு, தளர்ச்சி, இறுக்கம் என ஐந்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவார்.

இவ்வளவு இருந்தும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. நாணில் பெரிய முடிச்சு இருந்தும் கவலையின்றிப் பாடி வருபவர் உண்டு. ஸ்ட்ரோபோஸ்கோப்பில் அற்பமாகத் தெரியும் ஒரு வீக்கத்தால் தொழிலையே இழப்பவரும் உண்டு. கருவி காட்டும் கேட்டின் அளவும் மனிதர் படும் பாட்டின் அளவும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இல்லை. ஆகவே இரண்டாவதைத் தனியே அளக்க வேண்டியதாயிற்று.

முதல் அளவுகோல்

1997-இல் அமெரிக்காவில் பார்பரா ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் 'வாய்ஸ் ஹேண்டிகேப் இண்டெக்ஸ்' என்ற வினாப்பட்டியலை வெளியிட்டனர். இதனைக் 'குரல் இடர்ப்பாட்டுச் சுட்டெண்' என்று தமிழில் கூறலாம். இதில் 30 கூற்றுகள் உள்ளன. அன்றாடச் செயல், உடல் உணர்வு, மன நிலை என்ற மூன்று பிரிவுகளில் பிரிவுக்குப் பத்தாக அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'எப்போதும்' என்றால் 4, இடைப்பட்டவற்றுக்கு 1, 2, 3. ஆக, மொத்தம் 120. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பும்போது மொத்தத்தில் 18 அளவாவது மாறியிருந்தால்தான் அதனை உண்மையான மாற்றம் என்று கொள்ள வேண்டும் என்றும் அக்குழுவினர் வரையறுத்தனர். ஆய்வுக்கூடத்தில் நாம் வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவை முதலில் கண்டுகொள்கிறோம் அல்லவா? அதைப் போன்றதே இந்த 18. அதற்குக் குறைந்த வேறுபாடு அளவியின் பிழையாகவும் இருக்கக்கூடும். பின்னர் 2004-இல் பத்து வினாக்கள் மட்டும் கொண்ட சுருக்கமும் வந்தது.

பாடகருக்குத் தனி அளவுகோல் ஏன்?

இந்தப் பட்டியல் பேசும் குரலுக்காக உருவானது. தொலைபேசியில் பிறர் தம் பேச்சைப் புரிந்துகொள்கிறார்களா, கூட்டத்தில் பேச்சு எடுபடுகிறதா என்பன போன்றவற்றையே அது கேட்கும். மேல் ஸ்தாயியில் இரண்டு ஸ்வரங்களை இழந்துவிட்ட ஒரு பாடகரை எண்ணிப் பாருங்கள். அவர் தொலைபேசியில் பேசுவதில் குறையேதும் இராது. எல்லா வினாக்களுக்கும் 0 என்று எழுதிவிட்டு, அடுத்த வாரக் கச்சேரியை நினைத்து உறக்கமின்றிக் கிடப்பார். மீட்டர் அளவுகோலால் கம்பியின் விட்டத்தை அளக்கப் புகுந்ததைப் போன்றது இது. அளவுகோலில் தவறில்லை, அளக்கும் பொருளுக்கு அது ஏற்றதன்று.

இக்குறையைப் போக்க 2007-இல் சேத் கோஹன் முதலானோர் பாடகர்களுக்கென்றே ஒரு சுட்டெண்ணை அமைத்தனர். பாடகர்களாகிய நோயாளிகள் வழக்கமாகக் கூறும் முறையீடுகளிலிருந்து முதலில் 81 வினாக்களைத் திரட்டினர். குரல் கெட்ட பாடகர்களிடமும் நலமாக உள்ள பாடகர்களிடமும் அவற்றைக் கொடுத்து நிரப்பச் செய்து, இரு சாராரையும் பிரித்துக் காட்டாத வினாக்களையும், ஒன்றையே இரு முறை கேட்ட வினாக்களையும் களைந்தனர். எஞ்சியவை 36. மொத்த மதிப்பெண் 144. பாடுவதற்கு எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது, குரல் சொன்னபடி கேட்கிறதா, பாடும் வாய்ப்புகளை விட்டுவிட நேர்ந்ததா, வருமானம் பாதிக்கப்பட்டதா, தன்னம்பிக்கை குன்றியதா என்ற போக்கில் அவ்வினாக்கள் செல்கின்றன. 2009-இல் இதற்கும் பத்து வினாச் சுருக்கம் ஒன்று வெளிவந்தது.

நோயுற்ற பாடகரை மட்டுமன்றி, நலமாக உள்ள பாடகரின் அன்றாட நிலையையும் அளக்க முடியுமா? ஆஸ்திரேலியாவில் டெப்ரா பைலண்டும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட 'ஈஸ்' என்னும் 22 வினாப் பட்டியல் இதற்கு விடை. இசை நாடக மேடைகளில் வாரத்துக்குப் பல காட்சிகள் பாடுகிறவர்களை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட அது, 'இன்று உன் குரல் எப்படி இருக்கிறது?' என்றே கேட்கிறது. சாதாரண அயர்ச்சி எது, வரப்போகும் நோயின் முன்னறிகுறி எது என்று பிரித்தறிய அது முயல்கிறது.

எண்ணுக்கு என்ன ஆதாரம்?

'மனம் போனபடி ஒருவர் எழுதும் எண்ணை அறிவியல் என்று எப்படி ஏற்பது?' என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். நியாயமான வினாவே. இதற்கு மூன்று சோதனைகள் வகுக்கப்பட்டுள்ளன.

முதலாவது, மீள்சோதனை. குரல் நிலை மாறாதபோது சில நாள் இடைவெளியில் மறுபடி கொடுத்தால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வரவேண்டும். இரண்டாவது, உள்ளிணக்கம். ஒரே பொருளைச் சுற்றி எழுந்த வினாக்களின் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகவேண்டும். 1951-இல் லீ குரோன்பாக் விளக்கிய 'ஆல்பா' என்னும் எண் இதனை அளக்கிறது. பாடகர் சுட்டெண்ணில் மீள்சோதனை ஒப்புமையும் ஆல்பாவும் 0.9-ஐத் தாண்டியிருந்தன. மூன்றாவது, ஏற்புடைமை. அளப்பதாகச் சொல்லும் பொருளைத்தான் அது அளக்கிறதா என்பது. நோயுற்ற பாடகரின் சராசரி, நலமுள்ள பாடகரின் சராசரியினின்று தெளிவாக விலகி நிற்பதே இதற்கான முதல் சான்று.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. மூன்றாவது சோதனையில் ஓர் அளவி தேறினாலும், அது எந்த மக்களிடம் தேறியதோ அந்த மக்களுக்கே அந்தத் தேர்ச்சி உரியது. இவ்விடத்தில்தான் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாமா சொன்ன விடை

என் தாய்மாமன் தெருக்கூத்துக் கலைஞர். பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராகச் சென்று, இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை கூத்தாடுபவர். ஒலிபெருக்கி இருந்தாலும் முகவீணையையும் மத்தளத்தையும் மீறிப் பாடியே பழகியவர். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே வரும். கடந்த கோடை விடுமுறையில், இக்கட்டுரைக்காகப் படித்தவற்றைக் கொண்டு, பாடகருக்கான பத்து வினாக்களை நானே தமிழாக்கி அவருக்குப் படித்துக் காட்டினேன். 'உங்கள் குரலை எண்ணி நீங்கள் சங்கடப்படுகிறீர்களா?' என்றேன். மாமா சிரித்தார்.

"கூத்துக்காரன் தொண்டைன்னா கம்மித்தான் கெடக்கும். இதுல வெக்கப்பட என்னாடா இருக்குது, மருமவனே?"

நாற்பதுக்கு அவர் பெற்ற மதிப்பெண் 3. அந்த எண்ணின்படி என் மாமாவின் குரலுக்கு யாதொரு குறையும் இல்லை. ஆனால் அவர் தேநீரை விழுங்கும்போது கழுத்தைச் சற்றுச் சாய்ப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் தாளை எடுக்காமல் வேறு விதமாகக் கேட்டேன். "மாமா, போன வருசம் பாடி, இந்த வருசம் பாடாம விட்ட பாட்டு ஏதாவது இருக்குதா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கர்ணன் வேடத்துக்குரிய வருகைப் பாட்டை இரண்டு ஆண்டுகளாகத் தம் பின்பாட்டுக்காரர்தான் தாங்கிப் பாடுகிறார் என்றும், ஆர்மோனியத்தில் சுருதியை ஒரு கட்டை இறக்கிவிட்டார்கள் என்றும், விடியற்காலையில் குரல் நின்றுவிடுமோ என்ற அச்சத்தால் கடைசி இரண்டு மணி நேரம் வசனத்தைக் கொண்டே ஓட்டுகிறார் என்றும் சொன்னார். அதே பத்து வினாக்களைக் கூத்தின் மொழியில் மாற்றிக் கேட்டபோது மதிப்பெண் 19 ஆயிற்று.

நான் செய்தது ஆய்வன்று. ஒரே ஒருவரிடம், முறைப்படி சரிபார்க்கப்படாத தமிழாக்கத்தைக் கொண்டு, உறவுக்காரனாக இருந்து கேட்டது அளவீடு ஆகாது. முதல் நாள் கேட்டதை எண்ணிப் பார்த்து அவர் இரண்டாம் நாள் மனம் திறந்திருக்கவும் கூடும். ஆயினும் ஒரு பாடத்தை அது எனக்குக் கற்பித்தது. 3 என்ற எண் பொய்யன்று; என் வினாவுக்கு அவர் உண்மையான விடையைத்தான் தந்தார். வினாதான் அவருடைய வாழ்க்கையைத் தொடவில்லை.

மொழிபெயர்ப்பு மட்டும் போதாது

அறிஞர்களும் இக்குறையை உணர்ந்தே இருக்கின்றனர். ஒரு வினாப்பட்டியலை வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது, ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தை அறியாத மற்றொருவர் அதனைத் திருப்பி மூலமொழியில் பெயர்க்க, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தி, அதன்பின் அம்மொழி பேசுவோரிடம் கொடுத்து மேற்சொன்ன சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்தவேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முறை. இதற்கும் ஒரு படி மேலே சென்று, இந்திய மக்களின் வாழ்க்கை முறையை மனத்திற்கொண்டு குரல் நோயாளிகளுக்கான ஒரு புதிய வினாப்பட்டியல் உருவாக்கப்பட்டு 2010-இல் வெளியாயிற்று. கர்நாடக மாநிலத்தின் யக்ஷகானப் பாகவதர்களிடமும் பாடகர் சுட்டெண்ணைக் கொண்டு ஆய்வு நடந்திருக்கிறது. யக்ஷகானமும் இரவெல்லாம் நடப்பது. நம் தெருக்கூத்துக்கு நெருங்கிய உறவு. ஆகவே இவ்வழி நமக்கும் திறந்தே இருக்கிறது.

எழுத்தறியாத கலைஞருக்கு வினாவைப் படித்துக் காட்டுவது மற்றொரு சிக்கல். தாளில் தனியே குறியிடுபவர் சொல்லும் உண்மை வேறு. எதிரே ஒருவர் அமர்ந்திருக்கச் சொல்வது வேறு. மேலும், குரல் போய்விட்டது என்ற செய்தி வெளியே பரவினால் அடுத்த ஊரில் கூத்துக்கு அழைப்பு வராது. மேடைக் கச்சேரி செய்வோருக்கும் இதே அச்சம் உண்டு. விடைகள் இரகசியமாகக் காக்கப்படும் என்ற உறுதி இல்லாத இடத்தில் தன்மதிப்பீடு தன்னை மறைக்கும் மதிப்பீடாகவே முடியும்.

எல்லையும் எச்சரிக்கையும்

வினாப்பட்டியல் நோயின் பெயரைச் சொல்லாது. முடிச்சா, வீக்கமா, நரம்புத் தளர்ச்சியா, புற்றுநோயா என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கில்லை. பாதிப்பின் சுமையை மட்டுமே அது சொல்லும். ஆதலால் மதிப்பெண் குறைவாக வந்தது என்று மருத்துவரைக் காணாமல் இருப்பது பெருந்தவறு. கம்மிய குரல் நான்கு வாரங்களுக்குள் சரியாகாவிட்டால் குரல்வளையை நேரில் பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவ நெறிமுறை கூறுகிறது. விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல், கழுத்துக் கட்டி, புகைப்பழக்கம் ஆகியவை உடனிருந்தால் அந்த நான்கு வாரமும் காத்திருத்தல் கூடாது.

இது பாடகருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே நின்று குரல் கொடுக்கும் நம் ஆசிரியர்களும் குரலால் வாழ்பவர்களே. ஒலிபெருக்கியில்லாத வகுப்பறையில் பின் வரிசையில் நாம் எழுப்பும் ஒவ்வொரு சலசலப்பும் அவர்தம் தொண்டையில் சில நூறு மோதல்களைக் கூட்டுகிறது என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்வார்களாக.

முடிவுரை

அறிவியல் என்றாலே கருவி என்று எண்ணிப் பழகிவிட்டோம். மனிதர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதையும் ஒழுங்குபடுத்தி, பிழையைக் கணக்கிட்டு, எல்லையை அறிந்து பயன்படுத்தினால் அதுவும் ஓர் அளவியே என்பதை இவ்வினாப்பட்டியல்கள் காட்டுகின்றன. அந்த அளவியை நம் கூத்து மேடைக்கும் கோயில் பஜனைக்கும் ஒப்பாரி பாடும் பெண்களுக்கும் ஏற்றவாறு வடிப்பதற்கு, அந்த மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்து இன்று கல்லூரியில் அமர்ந்திருக்கும் நம்மைவிடத் தகுந்தவர் யார்? உளவியலும் புள்ளியியலும் தமிழும் பயிலும் நண்பர்கள் ஒன்றுகூடினால் இது ஆகாத செயலன்று.

என் மாமாவிடம் 19 என்ற எண்ணைச் சொல்லி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தொண்டை மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன். "ஆடி கழியட்டும்டா, போய்க் காட்டலாம்" என்றார். ஆடி கழிந்தது. ஆவணி மாதம் இரண்டாம் திங்களன்று அவரும் நானும் புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கே மாமா என்னைத் திரும்பிப் பார்க்காமல், எந்தப் பாட்டைப் பாட முடியவில்லை என்று தாமே சொல்லத் தொடங்கினார்.